பாடசாலையில் ஒரு கேம் கழகம்: மலையக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

திங்கட்கிழமை முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். தரம் 8இல் படித்த ஒரு பையன் எனக்கு அப்படி. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான்: "காய்ச்சல் இல்ல டீச்சர், ராத்திரி பூரா போன் கேம்ல ரேங்க் ஏத்துனான்." இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா மலையிலிருந்து இறங்கி நேராகப் பாடசாலைக்கு வந்தார். தலையில் கட்டிய துணிகூட அவிழ்க்கவில்லை. "போன புடுங்கி வச்சா சாப்பிட மாட்டேங்கிறான் டீச்சர். குடுத்தா தூங்க மாட்டேங்கிறான். நான் என்னா செய்யிறது?"

அன்றைக்கு என்னால் அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கத்தான் முடிந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் கணினி அறையில் கேம் கழகம் ஒன்றைத் தொடங்கினோம். தொடங்கும்போது தெரியாமல் தடுமாறிய விஷயங்கள் நிறைய. இப்போது தொடங்க நினைக்கிற ஆசிரியர்களும், வீட்டில் இதே கேள்வியோடு இருக்கிற அம்மா அப்பாக்களும் அப்படித் தடுமாற வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

கேம் விளையாட நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விளையாட்டை முடித்துவிட்டு எழும்பி வரத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கம்பளிக்குள் தனியாகக் கிடந்து விளையாடுகிற பிள்ளை அதை யாரிடம் பழகும்? நாலு பேரோடு உட்கார்ந்து, நேரத்துக்குத் தொடங்கி, நேரத்துக்கு எழும்புகிற இடம் ஒன்று அதற்கு வேண்டும். கழகம் தொடங்கச் சொல்வது அதற்காகத்தான். இனி வருகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகச் செய்கிற ஏற்பாடுகள்.

முதலில் கேளுங்கள்

ஒரு வாரம் பிள்ளைகளிடம் சும்மா பேசுங்கள். என்ன கேம், யாருடைய போன், எந்த நேரம், யாரோடு? கண்டிக்கிற குரலில் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "எனக்கும் காட்டுங்களேன்" என்று கேட்டால் கொட்டித் தீர்ப்பார்கள். என் வகுப்பில் முக்கால்வாசிக் கை உயர்ந்தது. ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்கிற துப்பாக்கிக் கேம்கள், கார் ஓட்டுகிற கேம், கிரிக்கெட் என்று பட்டியல் நீண்டது. பெண் பிள்ளைகள் கை தூக்கவில்லை. பிறகு தனியாகக் கேட்டபோது அவர்களும் விளையாடுவதாகச் சொன்னார்கள். அண்ணன் தூங்கிய பிறகுதான் போன் கிடைக்குமாம்.

அந்தப் போன் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது, வட்ஸ்அப்பில் வருகிற பாடத்துக்காகக் கடன்பட்டு வாங்கிய போன்கள்தான் முக்கால்வாசியும். சிக்னல் தேடித் தண்ணித் தாங்கி மேலேயும் பாறை மேலேயும் ஏறி உட்கார்ந்து படித்த பிள்ளைகள் இவர்கள். பாடசாலை திறந்தது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. படிப்புக்கு என்று நாங்களே வாங்கச் சொன்ன பொருள் அது. அதனால் பெற்றோரைக் குற்றம் சொல்கிற உரிமை ஆசிரியர்களாகிய எங்களுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதிபரிடம் என்ன கொண்டுபோவது

வெறுங்கையோடு போய் "கேம் கழகம் தொடங்கலாமா?" என்று கேட்டால் எந்த அதிபரும் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தரத்துப் பிள்ளைகள், எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தக் கேம், பொறுப்பாசிரியர் யார், இணையம் பாவிப்பதா இல்லையா, இவ்வளவும் அதில் இருக்கட்டும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரப் போவதில்லை, பாடசாலைக் கணினியில்தான் விளையாடுவார்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அதிபரின் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நேரம் குறிப்பதில் மலையகத்துக்கு என்று ஒரு கணக்கு உண்டு. பாடசாலை 1.30க்கு விட்டால் கழகத்தை 2.45க்குள் முடித்துவிடுங்கள். தோட்டத்தின் மேல் பிரிவுக்கும் கீழ் பிரிவுக்கும் நடந்து போகிற பிள்ளைகளை மாலை மூடுபனியில் அனுப்ப முடியாது. பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று அந்தப் பாதையில் இருப்பவருக்குத்தான் தெரியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி மின்னல் இருக்கும். மலை கறுத்து முழக்கம் கேட்டவுடன் விளையாட்டை நிறுத்தி, எல்லா வயரையும் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். இதை முதல் நாளே பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். மின்னல் அடித்து மூன்று கணினிகள் போன பாடசாலை ஒன்று எனக்குத் தெரியும்.

பெற்றோர் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமையோ போயா தினமோ வையுங்கள். வேலை நாளில் வைத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டு வாருங்கள் என்று கேட்பது நியாயமில்லை. சம்பள நாளையும் தவிருங்கள்.

கூட்டத்தில் நீங்கள் பேசுவதைவிடக் கணினியைப் போட்டுக் காட்டுவது நல்லது. நாங்கள் நாலு பெற்றோரை உட்காரவைத்து ஒரு பந்தயக் கேமை விளையாடச் சொன்னோம். ஒரு அப்பா வளைவில் காரைத் திருப்பும்போது தன் உடம்பையும் சேர்த்துச் சாய்த்தார், அறையே சிரித்தது. விளையாடி முடித்ததும், "இன்னொரு ரவுண்டு போடலாமாங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மீதிக் கூட்டத்தை நடத்தினேன். "ஐயா, உங்களுக்கே எழும்ப மனசு வரல்ல. பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு எப்படி வரும்?" பெற்றோர் தலையாட்டியதில் ஒரு புரிதல் இருந்தது. பிள்ளையின் பிடிவாதம் திமிரால் வருவதில்லை என்று அவர்களுக்கு விளங்கியது.

கையொப்பத்துக்கு ஒரு சிறிய கடிதம் கொடுங்கள். கழகத்து நாளில் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு வந்து சேரும் என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும்.

கணினி அறையைத் தயார் செய்தல்

ஐந்து கணினி ஓடினால் போதும். இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்தால் பத்துப் பிள்ளைகளோடு தொடங்கலாம். உண்மையில் ஆளுக்கொரு கணினி இருந்தாலும் நான் இரண்டு பேரைத்தான் உட்காரவைப்பேன். பக்கத்தில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கும்போது விட்டுக்கொடுக்கிற பழக்கம் தானாக வருகிறது.

இணையம் தேவையே இல்லை. அது இல்லாததை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஆள் உள்ளே வர முடியாது, டேட்டாச் செலவும் கிடையாது. கணினிகளை ஒரு நெட்வேர்க் சுவிட்ச் பெட்டியில் வயரால் இணைத்துவிட்டால் அறைக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் விளையாடலாம். டவுனில் ஒருமுறை பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தால் போதுமான, காசு கேட்காத, விளம்பரம் வராத கேம்கள் இருக்கின்றன.

சுப்பர்டக்ஸ்கார்ட் என்பது சின்னக் கார்களை ஓட்டுகிற பந்தயம். 2019இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து கணினிகளை இணைத்தும் விளையாடலாம். கழகத்தின் முதல் மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. ஒரு பந்தயம் சில நிமிடத்தில் முடிந்துவிடுவதால் எழும்பிப் பழக வசதி. லுவாந்தி என்பது கட்டை அடுக்கி உலகம் கட்டுகிற வகை. முன்பு மைன்டெஸ்ட் என்று இருந்தது, 2024இல் பெயர் மாற்றினார்கள். இதே வகையான மைன்கிராஃப்ட் கேமை வாங்கக் காசில்லாத பாடசாலைக்கு இது பெரிய கொடை. சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகொம்ப்ரி இருக்கிறது, 2 வயது முதல் 10 வயது வரைக்கானது. எழுத்து, கணக்கு, சதுரங்கம் என்று நூறுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டுகள் அதில் உண்டு. பிள்ளைகளே கேம் செய்யப் பழகுகிற ஸ்கிராட்ச் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பழைய கணினிகள் வின்டோஸில் மூச்சு வாங்கினால் அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், மேலே சொன்னவற்றில் முதல் மூன்றும் அதிலும் ஓடும். நம் ஊர் ஈரத்துக்குக் கணினியை வாரக்கணக்கில் மூடி வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். விடுமுறையிலும் வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது வந்து அரை மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். கரண்ட் ஏறி இறங்குகிற இடத்தில், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற பட்டரிப் பெட்டியான யூபிஎஸ் ஒன்று கட்டாயம். பழைய மாணவர்களிடம் கேட்டால் இந்த அளவுக்கு உதவி கிடைக்கும்.

துப்பாக்கிக் கேம் வேண்டும் என்று கேட்பார்கள்

கேட்பார்கள், நிச்சயமாகக் கேட்பார்கள். பாடசாலைக்குள் அது வேண்டாம் என்பது என் முடிவு. அதைப் பிள்ளைகளிடம் காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். கேம்களின் மேல் பெகி என்ற ஐரோப்பிய வயதுக் குறி இருக்கும், 3, 7, 12, 16, 18 என்று. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமின் பெயருக்குக் கீழேயும் இப்படியொரு வயது எண்ணைப் பார்க்கலாம். படம் பார்க்கப் போகும்போது வயது பார்ப்பதைப் போல இதையும் பார்க்கப் பழக்குங்கள். அந்த எண் கேம் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வதில்லை. வன்முறை, பயம், சூதாட்டம், கெட்ட வார்த்தை எல்லாம் எந்த அளவில் இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. 7 என்று இருந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சுலபம் என்று அர்த்தமில்லை.

வீட்டில் அந்தக் கேமை விளையாடுகிற பிள்ளையைக் கழகத்திலிருந்து தள்ளிவைக்காதீர்கள். கழகம் அவனுக்குத்தான் முதலில் தேவை.

ஒரு கழக நாள்

மணி அடித்து முடிந்ததும் சாப்பாடு. இதை நான் முதலில் விட்டுவிட்டேன். காலையில் ரொட்டி சாப்பிட்டு வந்த பிள்ளை 1.30க்குப் பசியோடு கேமில் உட்கார்ந்தால் கோபம்தான் வரும். இப்போது ஆளுக்கு ஒரு பிஸ்கட், சாயத்தண்ணி, அதன் பிறகே கணினி.

பிறகு 20 நிமிடம் விளையாட்டு, எழும்புதல், ஆள் மாற்றம், இன்னொரு 20 நிமிடம். நடுவில் எல்லோரும் ஜன்னலுக்குப் போக வேண்டும். கண் மருத்துவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். நமக்கு 20 அடி என்ன, ஜன்னலைத் திறந்தால் எதிர்மலைத் தேயிலைவரை கண் ஓடும். "இன்னைக்கு எத்தனாவது மலையில கொழுந்து எடுக்கிறாங்க?" என்று கேட்பேன். கண்ணைச் சுருக்கித் தேடி, "அந்தா, எங்கம்மா!" என்று ஒரு பிள்ளை கத்தும். கண்ணுக்கும் ஓய்வு, மனசும் கேமைவிட்டு இறங்கிவிடும்.

முடிக்கிற முறைக்கு அதிகக் கவனம் கொடுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நேரக் காப்பாளர் "கடைசி ரவுண்டு" என்று சத்தமாகச் சொல்வார். அந்த வேலை ஆசிரியருக்குரியதில்லை, ஒரு பிள்ளைதான் செய்ய வேண்டும், ஒவ்வொரு வாரமும் ஆள் மாற வேண்டும். யாருக்கு நிறுத்த முடியாமல் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். திங்கட்கிழமை தூங்கிய பையனுக்கு முதல் மாதமே கொடுத்தேன். பழைய தகரத் தட்டு ஒன்றைக் கரண்டியால் தட்டி எல்லோரையும் எழுப்பிவிட்டு, தானே விளையாடிக்கொண்டிருந்த கணினிக்கு முன்னால் போய் நின்றான். விரல் அந்தச் சுட்டியைவிட்டு வரவில்லை. பத்து விநாடி இருக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவனே மூடினான். அந்தப் பத்து விநாடியைப் பொறுத்துக்கொண்டு நிற்பதுதான் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை.

மூடிய பிறகு ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுத வேண்டும். இன்று என்ன செய்தேன், எந்த இடத்தில் கோபம் வந்தது. "அவன் என்னை இடிச்சான்" என்று தொடங்கி, இரண்டு மாதத்தில் "நான் அவசரப்பட்டேன்" என்று எழுதுவார்கள்.

சட்டம் நான்கு போதும்: கெட்ட வார்த்தை இல்லை, தோற்றவரைக் கேலி செய்வது இல்லை, அடுத்தவர் கீபோர்டில் கை வைப்பது இல்லை, பந்தயம் கட்டுவது இல்லை. கடைசியில் சொன்னதில் கண்டிப்பாக இருங்கள். ஒரு டொபிக்குக் கட்டுவதில் தொடங்கினாலும் அது அங்கேயே நிற்காது.

பெண் பிள்ளைகள்

எங்கள் கழகத்தில் முதல் இரண்டு வாரமும் பெண் பிள்ளைகள் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பொடியன்கள் யாரும் தடுக்கவில்லை. இடம் பிடிக்க ஓடிப் பழகாதவர்கள் பின்னால்தான் நிற்பார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து இருக்கைகளைப் பெயர் எழுதி ஒதுக்கினேன், பாதி பெண்களுக்கு. நேரக் காப்பாளர், கணினிப் பொறுப்பாளர் பதவிகளும் மாறி மாறி. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய வேண்டியும் வரவில்லை.

விளையாடுகிற பிள்ளை கேம் செய்கிற பிள்ளையாகட்டும்

இரண்டாம் தவணையிலிருந்து ஸ்கிராட்ச் தொடங்குங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2007இல் வெளியிட்டது, 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்காகவே செய்தது, இலவசம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தினால் படம் நகரும், சத்தம் வரும், புள்ளி கூடும். இணையமில்லாமல் கணினியில் போட்டுக்கொள்கிற பதிப்பும் உண்டு.

தரம் 9 பிள்ளை ஒருத்தி செய்த கேமைச் சொல்கிறேன். திரையின் கீழே ஒரு கொழுந்துக் கூடை. மேலிருந்து இலைகள் விழும். ரெண்டு இலை ஒரு மொட்டு விழுந்து கூடைக்குள் போனால் ஒரு கிலோ கூடும். முத்தின இலை விழுந்தால் குறையும். இடையிடையே அட்டை ஒன்று நெளிந்து வரும், அதைத் தொட்டால் கூடை கொஞ்ச நேரம் நகராது. நேரம் முடியும்போது 18 கிலோ இருந்தால் திரையில் "முழுப் பேர்" என்று வரும், குறைந்தால் "அரைப் பேர்". நான் விளையாடிப் பார்த்தேன், 15 கிலோ. "அரைப் பேர்" என்று வந்தது. "நேரத்தைக் கொஞ்சம் கூட்டேன்" என்றேன். "கூட்ட மாட்டாங்க டீச்சர்" என்றாள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா அதை விளையாடினார். இரண்டாம் தடவையில் 21 கிலோ எடுத்துவிட்டு, கதிரையிலிருந்து எழும்பாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கேமைத் தானே செய்து பார்த்த பிள்ளைக்கு மற்ற கேம்களின் சூட்சுமமும் தெரிய ஆரம்பிக்கும். எந்த இடத்தில் பரிசு கொடுத்தால் ஆள் எழும்ப மாட்டான் என்று அதுவே கண்டுபிடிக்கும். "இவங்களும் அப்படித்தான் செஞ்சிருக்காங்க டீச்சர்" என்று பெரிய கேமைக் காட்டிச் சொல்கிற நாள் வரும். நான் மணிக்கணக்கில் பேசியும் சொல்ல முடியாததை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது.

இனி வீட்டில்

லயத்துக் காம்பராவில் தனியறை, தனி மேசை என்றெல்லாம் இல்லை. ஒரு போன்தான், அது அம்மாவுடையதாகவோ அக்காவுடையதாகவோ இருக்கும். இதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டாம். போன் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதே நல்ல காவல். பிள்ளைக்கென்று தனிப் போன் வாங்க அவசரப்படாதீர்கள்.

இராத்திரிக்கு ஒரு முறை வையுங்கள். ஒன்பது மணிக்குப் போன் சார்ஜுக்குப் போக வேண்டும், சார்ஜர் அம்மாவின் தலைமாட்டில் இருக்க வேண்டும், கம்பளிக்குள் போன் போகக் கூடாது. எல்லாச் சட்டத்தையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் இதைப் பிடியுங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம். அஞ்சரைக்கு எழும்பிப் பாடசாலைக்கு நடக்கிற பிள்ளைக்கு எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் கொடுக்கும்போது நிமிடக் கணக்கில் கொடுக்காமல் மேட்ச் கணக்கில் கொடுங்கள். இது சண்டையைப் பாதியாகக் குறைக்கும். ஒன்லைன் கேமை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் பிடுங்கினால் கூட விளையாடுகிற நண்பர்களைப் பிள்ளை கைவிட்டதாகிவிடும், அழுகையும் ஆத்திரமும் அதனால்தான். ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச் சுமார் 10 நிமிடம், பப்ஜியில் அரை மணி நேரம்வரை போகும். "ரெண்டு மேட்ச் தம்பி, அப்புறம் போன் வரணும்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். இரண்டாவது முடிந்ததும் கையை நீட்டுங்கள், கத்த வேண்டாம்.

போனிலேயே உதவி இருக்கிறது. புதிய ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று உண்டு. எந்தக் கேம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும், நாளுக்கு இவ்வளவுதான் என்று பூட்டவும் செய்யலாம். ஃபேமிலி லிங்க் என்ற இலவச ஆப்பால் பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் போனோடு இணைத்து, எதை இறக்கலாம், எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று வைக்கலாம். உங்களுக்குப் போட்டுப் பார்க்கத் தெரியாவிட்டால் பிள்ளையின் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் என்று சொல்லி வையுங்கள்.

நாளுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்று 5 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்றத்தில் வேகமாக நடப்பதும் அந்தக் கணக்கில் சேரும், நம் பிள்ளைகளுக்கு அது குறைவில்லை. பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிற கைப்பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். அழுதால் போனைக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் அதே நிறுவனம் அறிவுறுத்தியது. பாட்டிக்குத் தெரிந்த கதையும் பாட்டும் எந்தப் போனிலும் இல்லை.

காசு போகிற வழி

கேம் இலவசம், ஆனால் அதற்குள் கடை இருக்கிறது. உடுப்பு, துப்பாக்கியின் நிறம், நடனம் என்று விற்பார்கள். ஃப்ரீ ஃபயரில் டயமண்ட், பப்ஜியில் யூசி என்று காசுக்குப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். ரூபா என்று இருந்தால் பிள்ளை யோசிக்கும், டயமண்ட் என்றால் யோசிக்காது. மூடிய பெட்டியை வாங்கித் திறந்தால் என்ன வரும் என்று தெரியாத வகையும் உண்டு. பெல்ஜியம் அதைச் சூதாட்டம் என்று சொல்லி 2018இல் தடை செய்தது.

சில இணைப்புகளில் ரீலோட் போட்ட காசிலிருந்தே வெட்டப்படும். வங்கி அட்டை இணைத்த போனாக இருந்தால் இன்னும் ஆபத்து. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், அந்தச் சொல் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. "இலவச டயமண்ட்" என்று வருகிற லிங்க் எல்லாமே ஏமாற்று. போனுக்கு வருகிற ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

பிள்ளையோடு உட்கார்ந்து கணக்கும் போட்டுப் பாருங்கள். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வந்தது. ஒரு உடுப்பு எத்தனை ரூபா, அது அம்மாவின் எத்தனை மணி நேர வேலை? திட்டுகிற குரலில் வேண்டாம், கணக்குப் பாடமாகவே போடுங்கள். என் வகுப்பில் இதைச் செய்த அன்று ஒரு பையன் விடையை எழுதிவிட்டுக் கையால் மறைத்துக்கொண்டான். அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

தெரியாத ஆட்கள்

ஒன்லைன் கேமில் பேசலாம், எழுதலாம். மறுபக்கத்தில் இருப்பவருக்குப் பதின்மூன்று வயதா, நாற்பது வயதா தெரியாது. முடிந்தால் குரல் அரட்டையை அணைத்துவிடுங்கள், நேரில் தெரிந்த நண்பர்களோடு மட்டும் அணி சேரட்டும். உண்மைப் பெயர், பாடசாலை, தோட்டத்தின் பெயர், படம் எதுவும் கொடுக்கக் கூடாது. "டயமண்ட் தாறேன், ஒரு போட்டோ அனுப்பு" என்று யாராவது கேட்டால் அதே நிமிடம் வீட்டில் சொல்ல வேண்டும். சொன்னால் போனைப் பறிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுங்கள். போன் போய்விடுமே என்ற பயத்தில்தான் பிள்ளைகள் இதை மறைக்கிறார்கள். ஏற்கெனவே அப்படி ஏதாவது நடந்திருந்தால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.

எப்போது வைத்தியரிடம் போவது

நிறைய நேரம் விளையாடுகிற பிள்ளை எல்லாம் நோயாளி என்று நினைத்துவிடாதீர்கள். 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அது முதன்மையாகிப்போவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. படிப்பு, உறவு, அன்றாட வாழ்க்கை பாதிக்கிற அளவுக்கு இது சாதாரணமாக 12 மாதமாவது நீடித்திருந்தால்தான் வைத்தியர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். மிகக் கடுமையாக இருந்தால் அதற்கு முன்பும் சொல்லலாம். ஆகவே அக்கம்பக்கத்தில் "பைத்தியம் புடிச்சிருச்சு" என்று யாரும் பேச விடாதீர்கள்.

ஆனால் குளிக்காமல், சாப்பிடாமல், பாடசாலைக்கு வராமல், பொய், திருட்டு என்று போனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். முதலில் கேமுக்கு வெளியே பாருங்கள். எங்கள் திங்கட்கிழமைப் பையனின் அப்பா கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். இராத்திரி பதினொரு மணிக்குக் கடை மூடிய பிறகு அப்பாவும் அதே கேமுக்குள் வருவாராம். இரண்டு பேரும் ஒரே அணி. இது எனக்குத் தெரியவந்தபோது அவனைக் கண்டித்த நாட்களை எண்ணி மனசு வலித்தது. அப்பாவோடு பேசி, அந்த விளையாட்டை ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றினோம். தூக்கம் திரும்பியது.

எல்லோருக்கும் அவ்வளவு இலகுவாக முடியாது. அரச வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

போட்டியும் எதிர்காலமும்

பிள்ளைகள் கேட்பார்கள், இதில் பெரிய ஆளாகலாமா என்று. ஆசிய விளையாட்டு விழாவில் 2018 ஜகார்த்தாவில் காட்சிப் போட்டியாக இருந்த ஈ-ஸ்போர்ட்ஸ் என்கிற கேம் போட்டி, 2023இல் ஹாங்சோவில் நடந்த விழாவில் பதக்கப் போட்டியாகிவிட்டது. உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் சம்பாதிப்பவர்கள் மிகச் சிலர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடசாலை மட்டத்தில் இல்லங்களுக்கிடையே ஒரு சிறு போட்டி வருடத்துக்கு ஒருமுறை போதும். சாதாரண தரத்துக்கு இருக்கிறவர்களுக்கும் புலமைப்பரிசிலுக்கு இருக்கிறவர்களுக்கும் கடைசித் தவணையில் கழகத்தை விட்டுவிட வேண்டாம், நேரத்தைக் குறைத்துவிடுங்கள். ஒரேயடியாக மூடினால் கம்பளிக்குள் திரும்பவும் திறந்துகொள்ளும்.

கரண்ட் போகிற நாளுக்கு

இதை மறக்காமல் செய்யுங்கள். ஒரு பெட்டியில் கரம், சதுரங்கம், தாயக்கட்டை, கட்டம் போட்ட கணக்குக் கொப்பித் தாள், கலர் பென்சில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் வாரம் தவறாமல் கரண்ட் போகும், அன்றைக்குக் கழகத்தைக் கலைத்துவிட்டால் பழக்கம் விட்டுப்போகும். கட்டத் தாளில் அடுத்த கேமுக்கான பாதையை வரையச் சொல்லுங்கள். எங்கே பள்ளம், எங்கே பரிசு, எங்கே அட்டை.

போன ஐப்பசியில் ஒருநாள் அப்படி வரைந்துகொண்டிருக்கும்போது 2.30க்குக் கரண்ட் வந்தது. லைட் எரிந்தது, ஒருத்தரும் கணினிப் பக்கம் திரும்பவில்லை. நேரக் காப்பாளர் தகரத் தட்டைத் தட்டியபோது, "அஞ்சு நிமிசம் டீச்சர், இந்த ஆத்தை மட்டும் வரைஞ்சு முடிச்சுக்கிறேன்" என்றது ஒரு பிள்ளை. அன்றைக்கு மட்டும் 2.50க்கு விட்டேன்.